பழைய பாணியில் தடித்த எழுத்துரு: சுவரொட்டிக்கு எது, பெயர்ப்பலகைக்கு எது?

பழங்காலத் தோற்றமும் தடிமனும் சேர்ந்த எழுத்துரு வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் தேர்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. மாதிரிப் படத்தில் எல்லாமே கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தப் படத்தை நாம் பார்ப்பது திரையில், கைக்கெட்டும் தூரத்தில். அதில் இருப்பவையும் எழுத்துருவை வரைந்தவரே தேர்ந்தெடுத்த நான்கைந்து சொற்கள். உங்கள் பலகையைச் சாலையின் எதிர்ப்புறம் நிற்பவர் படிக்க வேண்டும். உங்கள் சுவரொட்டியில் தேதி, நேரம், இடம் எல்லாம் அடங்க வேண்டும். எந்த எழுத்துரு தாங்கும், எது தாங்காது என்பது அங்கேதான் தெரியவரும்.

எந்தக் காலகட்டத்தின் சாயல் என்பதை வைத்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: எழுத்தின் மிக மெல்லிய கோடு எவ்வளவு, மிகச் சிறிய உள்வெளி எவ்வளவு. உள்வெளி என்பது ஆங்கில 'ஏ', 'ஓ' போன்றவற்றுக்குள்ளும், நம் 'ண', 'இ' போன்றவற்றின் சுழிகளுக்குள்ளும் இருக்கும் வெற்றிடம். கோடு தடிக்கத் தடிக்க இந்த வெற்றிடம்தான் பலியாகும். உங்கள் தூரத்துக்கும், எழுத்தைச் செய்யப்போகும் பொருளுக்கும் இந்த இரண்டு அளவுகளும் தாங்குமா என்று பார்த்துவிட்டால், மிஞ்சுவதில் மனத்துக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

தூரக் கணக்கு

6/6 பார்வை, அதாவது இயல்பான பார்வை உள்ள கண், 1 நிமிடக் கோணம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். நடைமுறையில் சொன்னால், 1 மி.மீ. இடைவெளி சுமார் 3.4 மீட்டர் வரை தெரியும். அதற்கு மேல் இரு பக்கக் கோடுகளும் ஒன்றாகிவிடும். கண் பரிசோதனை அட்டை இந்தக் கணக்கில்தான் வரையப்பட்டிருக்கிறது. எழுத்தின் உயரம் 5 பங்கு, கோடும் இடைவெளியும் ஒவ்வொரு பங்கு. 6 மீட்டர் தூரத்துக்கு எழுத்தின் உயரம் 8.7 மி.மீ. வரும்.

இதே விகிதத்தில் 30 மீட்டர் தூரத்துக்கு 44 மி.மீ. எழுத்தே போதும் என்று கணக்கு சொல்லும். பலகை செய்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் விதி இதைவிடத் தாராளமானது: எளிதாகப் படிக்க, ஒவ்வொரு 3 மீட்டருக்கும் 25 மி.மீ. உயரம். அப்படியானால் 30 மீட்டருக்கு 250 மி.மீ. வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம் வீண் அல்ல. நடந்துகொண்டே பார்ப்பது, பக்கவாட்டில் நின்று பார்ப்பது, எதிர்வெயில், குறைந்த பார்வை எல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

தடித்த எழுத்துருவில் ஒரு சிக்கல் உண்டு. கண் அட்டையில் இடைவெளி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மிகத் தடித்த சின்ன 'ஈ', 'ஏ', 'எஸ்' எழுத்துகளின் உள்வெளி பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம். விதி கொடுத்த ஆறு மடங்கில் பாதியை எழுத்துருவே தின்றுவிடுகிறது. ஆகவே எழுத்துரு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம் தெரியும் என்று நினைப்பது தவறு. ஓர் எல்லைக்கு மேல், தடிமன் கூடக் கூட தூரம் குறையும்.

ஃபேட் ஃபேஸ்: அருகில் ராணி, தூரத்தில் கோடு காணோம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் விளம்பரத் தாள்களுக்காகப் பிறந்த வகை இது. இதன் தொடக்கத்தை ராபர்ட் தோர்னின் அச்செழுத்துப் பட்டறையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். நெடுங்கோடுகள் பயங்கரத் தடிமன், குறுக்கே போகும் கோடுகள் மயிரிழை. 1928இல் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த அல்ட்ரா போடோனி, 1929இல் சான்ஸி கிரிஃபித் லைனோடைப் நிறுவனத்துக்காக வரைந்த போஸ்டர் போடோனி ஆகியவை இதன் பிற்கால வாரிசுகள். இலவசமாகக் கிடைப்பதில் டைப்டுகெதர் நிறுவனத்தின் ஏப்ரில் ஃபேட்ஃபேஸ் நன்றாக வரையப்பட்டது. இன்னும் கனமாக வேண்டுமென்றால் கிராவிடாஸ் ஒன்.

கையில் பிடித்துப் பார்க்கும் அழைப்பிதழிலும், 2 மீட்டரில் நின்று பார்க்கும் சுவரொட்டியிலும் இதற்கு ஈடு கிடையாது. தடிமனும் மெலிவும் மோதும் அந்த மினுக்கு வேறு எந்த வகையிலும் வராது. பலகைக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. மெல்லிய கோடு உயரத்தில் நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 200 மி.மீ. உயர எழுத்தில் அது 5 மி.மீ. அந்த எழுத்தை 15 மீட்டருக்கு மேல் நின்று பார்த்தால் மெல்லிய கோடு மங்கத் தொடங்கும். சின்ன 'என்' எழுத்து இரண்டு தனித் தூண்களாகவும், சின்ன 'ஈ' பாதி உடைந்த வட்டமாகவும் தெரியும். அதே பலகையில் 40 மி.மீ. உயரத்தில் இன்னொரு வரி இருந்தால் அங்கே கோடு 1 மி.மீ. ஸ்டிக்கராக வெட்டினால் உரிக்கும்போதே அறுந்துவிடும். தலைப்புக்கு ஃபேட் ஃபேஸ் என்றால் சிறிய வரிகளுக்குக் கண்டிப்பாக வேறு எழுத்துரு வேண்டும்.

கரும்பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் காகிதத்தில் அச்சிட்டால் ஆபத்து இன்னும் கூடும். சுற்றியிருக்கும் மை மெல்லிய கோட்டுக்குள் பரவி அதை அடைத்துவிடும்.

ஸ்லாப், கிளாரண்டன்: சந்தேகம் இருந்தால் இங்கிருந்து தொடங்குங்கள்

முனைகளில் செங்கல் போலக் கனத்த செரிஃப் (கோட்டின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாதம்) உள்ள வகை. வின்சென்ட் ஃபிகின்ஸ் 1810களின் நடுவில் ஆன்டிக் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தார். 1845இல் ராபர்ட் பெஸ்லியின் ஃபேன் ஸ்ட்ரீட் பட்டறை கிளாரண்டனை வெளியிட்டது. அதில் செரிஃப் நெடுங்கோட்டோடு வளைவாக இணையும். அந்த வடிவத்தைப் பதிவு செய்தும் பாதுகாப்பு மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைத்தது. அது முடிந்ததும் மற்ற பட்டறைகளும் தத்தம் கிளாரண்டனை வார்த்துத் தள்ளின. இன்றைக்கு இந்தப் பெயரில் இத்தனை வடிவங்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பலகைக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் அழகு மட்டுமல்ல. மெல்லிய கோடுகூட நல்ல தடிமனாக இருப்பதால் தூரத்தில் எழுத்து உடையாது. செரிஃபை நெடுங்கோட்டோடு இணைக்கும் அந்த வளைவு, சுழலும் முனையால் பலகையைக் குடைந்து வெட்டும் ரவுட்டர் கருவியில் வெட்டும்போது கைகொடுக்கும். அதன் 6 மி.மீ. பிட் (வெட்டுமுனை) எந்த உள்மூலையையும் 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடும், கூரான உள்மூலையை அதனால் வெட்டவே முடியாது. இணைப்பு வளைவு இல்லாத ஸ்லாப் எழுத்தில் இந்த உருட்டல் பிழையாகத் தெரியும். கிளாரண்டனில் உள்மூலைகள் பலவும் ஏற்கெனவே வளைவுதான். வெட்டியதும் வரைந்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஓப்பன் லைசன்ஸில் இரண்டு நல்ல தேர்வுகள் உள்ளன. ஆல்ஃபா ஸ்லாப் ஒன் ஒரே எடையில் (அதாவது ஒரே தடிமனில்) வரும், மிகக் கனமானது. குறுகிய சொற்களுக்குப் பொருந்தும். ஆனால் உள்வெளிகள் மிகவும் இறுக்கம் என்பதால் சின்ன எழுத்துகளில் நீண்ட வரி போடக் கூடாது. மற்றொன்றான பெஸ்லி ஒரு வேரியபிள் எழுத்துரு. 400 முதல் 900 வரை எடையை நகர்த்திக்கொள்ளலாம். இந்த வசதி பலகை வேலைக்குப் பெரிய வரம். தலைப்புக்கு 900, அடுத்த வரிக்கு 700, விளக்கு எரியும் எழுத்துக்கு 800 என்று ஒரே குடும்பத்துக்குள் சரிசெய்யலாம். இரண்டில் ஒன்றுதான் என்றால் பெஸ்லியை எடுங்கள்.

ஸ்லாப் வகையின் ஒரே பெரிய குறை அகலம்.

குறுகிய கோத்திக்: நிறையச் சொற்களுக்கு

செரிஃப் இல்லாத, உயரமான, ஒடுங்கிய எழுத்துகள். பென்டன் 1903இல் ஏடிஎஃப் (அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ்) நிறுவனத்துக்காக வரைந்த ஆல்டர்நேட் கோத்திக்கின் மறுவடிவம் லீக் கோத்திக். ரியோயிச்சி சுனேகாவாவின் பெபாஸ் நியூ, வெர்னன் ஆடம்ஸின் ஆன்டன் ஆகியவையும் இதே சாதி. 1965இல் ஸ்டீஃபன்சன் பிளேக் வெளியிட்ட ஜெஃப்ரி லீயின் இம்பாக்ட் கணினிகளோடு சேர்ந்தே வந்ததால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததே அதன் பிரச்சினையும்கூட. மீம் படங்களில் அவ்வளவு புழங்கிவிட்ட எழுத்து பழங்காலச் சாயலைத் தராது.

அகலம் எப்படி விளையாடுகிறது என்று ஒரு பலகையில் பார்க்கலாம். 3 மீட்டர் நீளம், இரு ஓரமும் 150 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 2,700 மி.மீ. பெயரில் 18 எழுத்துகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 150 மி.மீ. கனத்த ஸ்லாபில் பெரிய எழுத்தின் அகலம், பக்க இடைவெளி சேர்த்து, ஏறத்தாழ உயரத்துக்குச் சமம். ஆகவே எழுத்து 150 மி.மீ. உயரம்தான் வரும். பெபாஸ் நியூ போன்றதில் அகலம் உயரத்தில் சுமார் 0.55 பங்கு, உயரம் 270 மி.மீ. வரை போகும். பலகை சட்டென்று நிறைந்துவிடும்.

உயரம் 1.8 மடங்கு ஆனதால் படிக்கும் தூரமும் 1.8 மடங்கு ஆகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 'ஓ'வுக்குக் கிடைத்த இடம் இரண்டு எழுத்துருவிலும் அதே 150 மி.மீ.தான். அதற்குள்தான் இரண்டு நெடுங்கோடும் ஓர் உள்வெளியும் அடங்க வேண்டும். எழுத்து நீண்டதே தவிர உள்வெளியின் அகலம் அந்த அளவுக்கு வளரவில்லை. குறுகிய எழுத்துகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் வேலிக் கம்பிகளை வரிசையாக நட்டது போலத் தெரிவது இதனால்தான். எழுத்து இடைவெளியை 2 முதல் 5 சதவீதம் கூட்டினால் இது வெகுவாகச் சரியாகும். ஆனால் கூட்டும் ஒவ்வொரு சதவீதமும் உயரத்தைக் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

பெபாஸ் நியூவில் ஆங்கிலச் சின்ன எழுத்துகள் கிடையாது. சின்ன எழுத்து விசையை அழுத்தினாலும் பெரிய எழுத்தே வரும். இணைய முகவரியோ, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த நிறுவனப் பெயரோ வேண்டுமானால் இதை முதலிலேயே விலக்கிவிடுங்கள்.

குறுகிய எழுத்து கையில் இல்லையென்று, அகலமான எழுத்துருவை மென்பொருளில் 60 சதவீதம் நசுக்குவது அடிக்கடி நடக்கிறது. நசுக்கும்போது நெடுங்கோடுகள் மட்டும் மெலியும், குறுக்குக் கோடுகள் அப்படியே நிற்கும். தடிமனின் தர்க்கமே தலைகீழாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண் உறுத்தும். வேண்டிய அகலத்திலேயே வரைந்த எழுத்துருவைத் தேடுவதுதான் வழி.

மர அச்சு வகைகள்: கௌபாய் சாயலோடு எச்சரிக்கை

1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் ரவுட்டர் கொண்டு மர எழுத்துகளை மொத்தமாகச் செய்யத் தொடங்கினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃபைச் சேர்த்தார். ஈய எழுத்து பெரிதாகப் பெரிதாகக் கனக்கும், ஆறும்போது சமமாக இறுகாமல் சிதையும். மரத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே மூலவரைவைப் பான்டோகிராஃபில் வைத்து எத்தனை அளவிலும் வெட்டலாம். அலங்கார வடிவங்கள் அந்த நூற்றாண்டில் காட்டுச்செடி போலப் பெருகியதற்கு இந்தக் கருவி ஒரு முக்கியக் காரணம். விஸ்கான்சின் மாநிலம் டூ ரிவர்ஸ் ஊரில் 1880இல் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனத்தின் மரவெழுத்துகள் இன்று அதே ஊரில் அருங்காட்சியகமாக இருக்கின்றன.

இந்த வகையில் இரண்டு கிளைகள் நமக்கு முக்கியம். ஒன்று, நெடுங்கோட்டைவிட மேல் கீழ் செரிஃப் கனமாக இருக்கும் தலைகீழ்த் தடிமன். 1938இல் ராபர்ட் ஹார்லிங் வரைந்த பிளேபில் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். இன்னொன்று, முனைகள் பிளந்து நடுவில் முள் வைத்த டஸ்கன். இலவச எழுத்துருக்களில் ரை, சான்கிரீக் போன்றவை இந்தப் பழைய மர அச்சுச் சாயலைப் பிடித்தவை.

சுவரொட்டியில் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். அதற்கு மேல் இது தாங்காது. தலைகீழ்த் தடிமனில் எழுத்துகளின் மேலும் கீழும் இரண்டு கனத்த பட்டைகள் ஓடும். கண் அந்தப் பட்டைகளைப் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடும். 'ஈ'க்கும் 'எஃப்'க்கும் அடையாளமே கீழ்ப்பட்டையில்தான் இருக்கிறது. அங்கேயே எல்லா எழுத்துக்கும் பட்டை இருந்தால் குழப்பம் வரத்தானே செய்யும். சாயல் வேறு மிகக் குறுகியது: பார்த்தவுடன் அமெரிக்க மேற்கு, சர்க்கஸ், மதுக்கூடம் என்றே மனம் ஓடும். உங்கள் செய்திக்கு அதில் எதுவும் சம்பந்தமில்லை என்றால் கிளாரண்டனுக்குத் திரும்பிவிடுங்கள்.

கூப்பர் பிளாக்கும் அதன் உறவினர்களும்

1922இல் சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் பட்டறைக்காக ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது. செரிஃப் உண்டு, ஆனால் கூர் எங்குமே இல்லை. எல்லா முனையும் உருண்டிருக்கும். சிரித்த முகமுள்ள எழுத்து என்று தயங்காமல் சொல்லலாம். அதே காரணத்தால் எச்சரிக்கைப் பலகை, மருத்துவமனை, சட்ட அறிவிப்பு போன்ற இடங்களுக்குப் பொருந்தாது.

செய்பவர்களுக்கு இதைப்போல் இணக்கமான எழுத்து குறைவு. மூலையே இல்லாததால் ரவுட்டர், வினைல், நுரைத்தகடு எதிலும் முனை உடையாது, ஸ்டிக்கர் மூலை தூக்காது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. எழுத்துகளின் அடிப்பாகமும் வளைந்திருப்பதால் அடிக்கோட்டில் தட்டையாக உட்காராது. தனித்தனியாக வெட்டிய எழுத்துகளை நூல் பிடித்து அடியை வைத்து ஒட்டினால் சில எழுத்து மேலே ஏறியும் சில இறங்கியும் தெரியும். கோப்பிலிருந்தே முழு அளவில் ஒரு காகித வார்ப்புரு அச்சிட்டு, அதன் மேல் வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

ஆர்ட் டெகோ

1920களின் இறுதியில் வந்த பென்டனின் பிராட்வே, அதே சாயலில் இலவசமாகக் கிடைக்கும் லைம்லைட். பாதி எழுத்து கரும்பாறை, மீதிப் பாதி நூலிழை. ஃபேட் ஃபேஸுக்குச் சொன்ன எல்லாக் குறையும் இதற்கும் உண்டு; அதோடு எண்களைப் படிப்பதும் கடினம். நிகழ்ச்சியின் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணுக்கு வேண்டாம்.

தேய்ந்த தோற்றம், நிழல், அடுக்கு

பழமை காட்டத் தேய்வும் கீறலும் எழுத்துருவுக்குள்ளேயே வைத்து விற்கிறார்கள். வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரே சொல்லில் 'ஓ' இரண்டு முறை வந்தால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்கும். பார்த்தவுடன் போலி என்று தெரிந்துவிடும். மாற்று வடிவங்கள் வைத்துச் சுழற்றும் எழுத்துருக்களும் உண்டு, ஆனால் அவற்றிலும் இரண்டாவது பிரச்சினை தீராது: ஒவ்வொரு எழுத்திலும் நூற்றுக்கணக்கான குட்டித் துண்டுகள். வினைல் கட்டர் ஒவ்வொன்றையும் வெட்டும், ஒவ்வொன்றையும் யாராவது ஊசியால் எடுக்க வேண்டும். பெரிதாக்கினால் அந்தத் தேய்வு மையின் தேய்வாகத் தெரியாது. கோணல்மாணலான பலகோணங்களாகத் தெரியும். சுத்தமான எழுத்துருவை எடுத்து, இறுதி அளவில் வைத்து, அதன் மேல் ஒரு தேய்வுப் படத்தை மறைப்பாகப் போடுவது நல்லது. அச்சுக்கு மட்டும் அது போதும். வெட்டும் வேலைக்குத் தேய்வே வேண்டாம்.

நிழலும் உட்கோடும் நிஜமாகவே பழைய சுவரெழுத்தின் சொத்து. டேவிட் ஜோனதன் ராஸ் வடிவமைத்த பஞ்ஜீ இதற்கென்றே உருவானது. அடிப்படை, உட்கோடு, வெளிக்கோடு, நிழல் என்று தனித்தனி அடுக்குகளாக வரும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். எழுத்துகளை மேலிருந்து கீழாக அடுக்கும் பலகைக்கும் அதில் ஏற்பாடு உண்டு. மற்ற எழுத்துருக்களில் அப்படி அடுக்கினால் 'ஐ' ஒல்லியாகவும் 'டபிள்யூ' பானை வயிறாகவும் நிற்கும்.

அடுக்கு அச்சில் நிறங்கள் இம்மி விலகினாலும் நடுவே வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். அடியில் உள்ள நிறத்தை மேல் நிறத்துக்குக் கீழே சற்று நீட்டிவிடுங்கள். ஆஃப்செட்டில் 0.1 மி.மீ. அளவே போதும், கையால் இழுக்கும் ஸ்க்ரீன் அச்சில் 0.5 முதல் 1 மி.மீ. வரை தேவைப்படும். நிழல் விழும் திசை எல்லா வரியிலும் ஒன்றாக இருக்கட்டும். பழைய சுவரெழுத்தில் பெரும்பாலும் இடது கீழ்ப்பக்கம் நிழல் விழும். அந்தப் பக்கம் எழுத்துகளில் நிழலைப் போட்டால் தூரிகை வேலை குறையும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

பொருளைப் பார்த்து வடிகட்டுங்கள்

வினைல் ஸ்டிக்கரில் 3 மி.மீ.க்குக் கீழ் கோடு வந்தால், ஒட்டும்போது இழுபட்டு நெளியும், வெளியே சீக்கிரம் உரியும். துணியில் ஸ்க்ரீன் அச்சு என்றால் தனிக்கோடு 0.35 மி.மீ.க்கும், நிறத்துக்குள் விடும் வெற்றுக்கோடு 0.5 மி.மீ.க்கும் குறையாமல் பார்த்துக்கொண்டால் பாதுகாப்பு. ஸ்டென்சில் என்றால் 'ஓ'வின் நடுத்துண்டு கீழே விழுந்துவிடும். அந்தத் துண்டைப் பிடித்துவைக்கும் பாலம் உள்ள ஸ்டென்சில் எழுத்துருவையே எடுக்க வேண்டும். கிளாரண்டன் வகையில் நல்ல ஸ்டென்சில் வடிவங்கள் உண்டு.

உள்ளே விளக்கு வைத்த பெட்டி எழுத்து தனி உலகம். நெடுங்கோட்டின் அகலம் 40 மி.மீ.க்குக் கீழே போனால் உள்ளே எல்இடி பொருத்தவும் பக்கத் தகட்டை வளைக்கவும் இடம் பத்தாது. ஃபேட் ஃபேஸும் பிராட்வேயும் இந்த இடத்திலேயே வெளியேறிவிடும். எரியும் எழுத்து இரவில் உண்மை அளவைவிடத் தடித்துத் தெரியும். ஒளி கசிந்து உள்வெளியை மூடும். பகலில் பொருத்தமாகத் தெரியும் எடையிலிருந்து ஒரு படி குறைத்து, எழுத்து இடைவெளியை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். ஒரே எடையில் மட்டும் வரும் எழுத்துரு என்றால், வெளிவரையை உள்நோக்கி 1 முதல் 2 மி.மீ. சுருக்கலாம்; கோடு தடித்திருக்கும் வரை இது வடிவத்தைக் கெடுக்காது.

தமிழும் சேரும்போது

மேலே சொன்ன பெயர்கள் எவற்றிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. பெஸ்லியைப் போட்டுவிட்டுத் தமிழில் தட்டினால் மென்பொருள் தானாக வேறொரு மெல்லிய எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அதைப் போல்டு பொத்தானால் தடிக்க வைத்தால் சுழிகள் அடைபட்டு அசிங்கமாகும். இணையாக ஒரு தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

தமிழில் உள்வெளிச் சிக்கல் ஆங்கிலத்தைவிடக் கடுமை. மூன்று சுழி 'ண'வையும் இரண்டு சுழி 'ன'வையும் பிரிப்பது ஒரேயொரு சுழி. கனத்த எடையில் சுழிகள் மூடிக்கொண்டால் 'மணம்' 'மனம்' ஆகிவிடும். 'ஞ', 'ஐ', 'இ', 'ணை' நான்கையும் வேண்டிய எடையில், வேண்டிய அளவில் அச்சிட்டுப் பார்க்காமல் தமிழ் எழுத்துருவை முடிவு செய்யாதீர்கள். அடுத்தது மெய்யெழுத்தின் புள்ளி. தடித்த எழுத்துருவில் புள்ளி தலையோடு ஒட்டிக்கொண்டால் தூரத்தில் அது புடைப்பு போலத் தெரியும். பெட்டி எழுத்தாகச் செய்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. அதற்குத் தனி ஆணி, தனி வயர். விலைப்பட்டியல் கேட்கும்போது இந்தத் துண்டுகளையும் எண்ணிச் சொல்லுங்கள்.

இணை சேர்ப்பதற்குச் சில பொருத்தங்கள்: குறுகிய கோத்திக்கோடு அனேக் தமிழ். இது வேரியபிள். அகலத்தை 75 முதல் 125 வரையும், எடையை 100 முதல் 800 வரையும் நகர்த்தலாம். அகலம் 75, எடை 800 வைத்தால் பெபாஸ் நியூவுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கும். கூப்பர் பிளாக்கோடு பலூ தம்பி 2, எடை 800. அதன் உருண்ட முனை இரண்டையும் ஒரே குடும்பம் போலக் காட்டும். ஒற்றைச் சொல் என்றால் காயினியும் நல்ல தேர்வு. ஃபேட் ஃபேஸுக்கு மட்டும் நேரடி இணை கிடைப்பது கடினம். நோட்டோ செரிஃப் தமிழின் கனத்த எடைகள் ஓரளவு நெருங்கிவரும். அங்கே தமிழைப் பெரிதாகவும் ஆங்கிலத்தை அடக்கமாகவும் வைத்துவிட்டால் ஒப்பீடே எழாது.

இரண்டு மொழிக்கும் ஒரே பாயிண்ட் அளவு கொடுத்தால் சமமாகத் தெரியாது. 'ப', 'ம' போன்ற எழுத்துகளின் உடல் உயரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தோடு கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். 'கி', 'கீ' மேலே எழும், 'கு', 'மூ' கீழே இறங்கும். ஆங்கில வரிக்குப் போதுமான பலகை உயரம் தமிழ் வரிக்குப் போதாது.

கோப்பு கொடுக்கும் முன்

அளவைப் பாயிண்டில் சொல்லாதீர்கள். பாயிண்ட் என்பது எழுத்து உட்காரும் சட்டத்தின் உயரம். பெரிய எழுத்து அதில் ஏறத்தாழ 0.7 பங்குதான். 100 மி.மீ. உயரப் பெரிய எழுத்து வேண்டுமானால் சட்டம் 143 மி.மீ., அதாவது சுமார் 405 பாயிண்ட். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்தப் பங்கு மாறும் என்பதால் 'ஹெச்' எழுத்தை அளந்து மி.மீ.இல் குறிப்பிடுவதே பாதுகாப்பு.

எழுத்தைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வெளிவரை வடிவமாக) மாற்றிவிட்டால் அச்சகத்தில் எழுத்துரு இல்லாத பிரச்சினை தீரும். மாற்றிய பிறகு திருத்த முடியாது. திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே வைத்திருங்கள். வேரியபிள் எழுத்துருவில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அச்சில் தெரியாது, கட்டரில் தெரியும்: எழுத்தின் நடுவே கத்தி குறுக்கே ஓடிவிடும். கர்வாக மாற்றியதும் யுனைட் அல்லது வெல்டு கொடுத்து ஒரே வெளிவரையாக்குங்கள். பிறகு வெளிக்கோடு மட்டும் தெரியும் பார்வைக்கு மாற்றி ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள்.

தமிழ் வரியில் 'கொ', 'கை' சிதறினால் மென்பொருளில் தென்னாசிய எழுத்துகளுக்கான கம்போசரை இயக்க வேண்டும். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய வரியை இந்தப் புதிய எழுத்துருக்களுக்கு மாற்றினால் ஆங்கிலக் குப்பையாக வரும். முதலில் எழுத்துமாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும்.

உரிமம்: எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸில் வரும் எழுத்துருக்களை வணிகச் சுவரொட்டி, பலகை, லோகோ எதற்கும் பயன்படுத்தலாம், எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்' என்று இறக்கியதைக் கடைப் பலகையில் போடக் கூடாது, அதற்கு வணிக உரிமம் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட இலவசப் பிரதிகளில் எண்களோ, சதவீதக் குறியோ, ஆங்கில ஆண்ட் குறியோ விடுபட்டிருப்பதும் சகஜம். உங்கள் வரியில் இருக்கும் ஒவ்வொரு குறியையும் வாங்கும் முன்பே தட்டிப் பாருங்கள்.

கடைசியாகச் சோதனை. 3 மீட்டர் பலகையைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் 250 மி.மீ.; படுக்கைவாட்டு ஏ4 தாளில் அடங்கும். இறுதிப்பட்டியலில் உள்ள இரண்டு மூன்று எழுத்துருக்களிலும் அதே பெயரை இந்த அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். 30 மீட்டரில் படிக்க வேண்டிய பலகைக்கு 2.5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பெயரை ஏற்கெனவே அறிந்த நீங்கள் படிப்பது சோதனை ஆகாது. அதை அறியாத ஒருவரை அழைத்து, நடந்துகொண்டே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். விளக்குப் பலகையானால் கருந்தாளில் வெள்ளையாக அச்சிட்டு அரையிருட்டில் இதையே செய்யுங்கள். அவர் தடுமாறும் எழுத்து எதுவோ, அதன் உள்வெளியை அளந்து பாருங்கள். எடையைக் குறைப்பதா, இடைவெளியைக் கூட்டுவதா, எழுத்துருவையே மாற்றுவதா என்பது அந்த அளவிலிருந்தே தெரியும்.